விடுதிப் பிள்ளைகளை விசாரிக்கப் போகிறவர்களுக்கு

குழந்தைகள் விடுதிக்குப் போனால் வாசல் மேஜையில் ஒரு வருகைப் பதிவேடு கிடக்கும். எங்கள் சபை கொடுத்த நன்கொடைக்கு ரசீது வாங்க ஒரு மார்ச் மாதத்தில் நான் தனியாகப் போயிருந்தேன். காத்திருந்த நேரத்தில் அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன். டிசம்பருக்கு மட்டும் ஆறு பக்கம் ஓடியிருந்தது. சபைகள், வாலிபர் குழுக்கள், அலுவலக நண்பர்கள். ஒரே சனிக்கிழமையில் மூன்று குழுக்கள். பிப்ரவரிக்கு மொத்தம் இரண்டே வரி. ஒன்று பல் மருத்துவர், இன்னொன்று தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவர்.

டிசம்பர் பக்கத்தில் எங்கள் சபையின் பெயரும் இருந்தது. அது என் கையெழுத்துதான். முந்தின வருடமும் அப்படியே. பாட்டுப் பாடி, பரிசு கொடுத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, ஜெபம் பண்ணிவிட்டு வந்திருந்தோம். அன்றைக்கு அந்த மேஜை முன்னால் உட்கார்ந்து யோசித்தபோது ஒரு பிள்ளையின் பெயர்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் பற்றிச் சொல்லும் இடத்தில் நம் வேதாகமத்தில் இருக்கிற சொல் "விசாரிக்கிறது". சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்ன வசனம்தான். ஆனால் ஒருவரை விசாரிக்க வேண்டுமென்றால் போன தடவை அவர் எப்படி இருந்தார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. "காய்ச்சல் விட்டுதா? அந்தக் கணக்கு வந்துதா? தங்கச்சிகிட்டே பேசினியா?" வருடத்துக்கு ஒரு நாள் போகிறவரால் இதில் எதையும் கேட்க முடியாது. அந்த வருடத்திலிருந்து எங்கள் குழு முறையாகப் போக ஆரம்பித்தது. பதினோரு வருடமாகிறது. எங்களைப் போல் ஆரம்பிக்க நினைக்கிற சபையாருக்காக, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னால்

முதல் இரண்டு மாதம் பிள்ளைகளைப் பார்க்கவே வேண்டாம். விடுதிப் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்காமல், எந்த நேரத்தில் உங்களுக்கு ஆள் போதவில்லை என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும்" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருக்க, துவைத்த துணியை மடிக்க வேண்டும், சின்னவர்களைக் குளிப்பாட்ட வேண்டும், சமையலறையையும் பார்க்க வேண்டும். இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் இரண்டே பேர். நாங்கள் மனதில் வைத்திருந்தது ஞாயிறு மதியம். பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது ஓய்வு கிடைக்கிற ஒரே நேரம் அதுதானாம். சரி என்று முதலாம், மூன்றாம் வியாழன் மாலையாக மாற்றிக்கொண்டோம்.

அந்தச் சந்திப்பிலேயே இன்னும் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடுதி அரசிடம் பதிவு பெற்றதா? ஒவ்வொரு பிள்ளையும் ஏன் இங்கே இருக்கிறது என்பதை அதிகாரிகள் அவ்வப்போது மறுபடி பார்க்கிறார்களா? குடும்பத்தார் வந்து பார்க்க முடியுமா? பிள்ளை பாதுகாப்பு பற்றி எழுதிவைத்த கொள்கை உண்டா, அதற்குப் பொறுப்பாளர் யார்? இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் சொல்கிற இடத்துக்கு ஆளும் அனுப்பக் கூடாது, காணிக்கையும் அனுப்பக் கூடாது. விடுதியில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். உலகம் முழுக்க இதுதான் நிலைமை. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரோடு இல்லாத பிள்ளைகளை வளர்ப்பது) பற்றிய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆனால் நன்கொடை தாராளமாக வருகிற இடத்தில் கட்டில்களை நிரப்பவே பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவருவதும் நடக்கிறது. நல்ல மனதோடு போடுகிற காணிக்கை ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கிற காசாகிவிடக் கூடாது.

யாரை அனுப்புவது

ஆறு பேர் போதும், முப்பது பேர் வேண்டாம். ஒரு வருடம் முழுக்க, மாதம் இரண்டு முறை, அதே நாள், அதே நேரம் வர முடியும் என்று எழுதித் தருகிறவர்களை மட்டும் சேருங்கள். ஆராதனையில் அறிவிப்புக் கொடுத்ததும் உணர்ச்சிவசப்பட்டுக் கை தூக்குகிறவர்களிடம், "ஒரு மாதம் கழித்து வந்து பேசுங்கள்" என்று சொல்லிவிடுவோம். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வருகிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு, சபைக்கு வெளியே தெரிந்த இரண்டு பேரின் பரிந்துரை, பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து, அரை நாள் பயிற்சி. ஒரு தடவை சபையில் மிகவும் மதிக்கப்படுகிற ஒரு மூத்தவர், "என்னையே சந்தேகப்படுறீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் போதகர்தான் தன்னுடைய படிவத்தை எடுத்து நீட்டி, "ஐயா, முதல்ல நிரப்பினது நான்தான்" என்றார். அந்த மூத்தவர் கடைசிவரை நிரப்பவில்லை, நாங்களும் அவரைச் சேர்க்கவில்லை. மனக்கசப்பு வந்தது உண்மைதான். ஆனால் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய நினைக்கிறவன் தேடுவது கேள்வி கேட்காத இடத்தைத்தான். "நம்ம சபை ஆள்தானே" என்று ஒரு தடவை விட்டுவிட்டால் அந்தக் கதவைப் பிறகு மூட முடியாது.

விதிகள் எளிமையானவை. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மற்றவர் கண்ணுக்கு மறைவாக இருக்கக் கூடாது. படுக்கை அறைக்கும் குளியலறைக்கும் போகக் கூடாது. கைப்பேசி எண் கொடுப்பது, சமூக வலைத்தளத்தில் நட்பாவது, ஒரு பிள்ளைக்கு மட்டும் ரகசியமாகப் பரிசு கொடுப்பது எதுவுமே கூடாது. படம் எடுக்கவே கூடாது. "பின்னாலிருந்து எடுத்தேன், முகம் தெரியாது" என்பதும் கூடாது. அந்தரங்கம் பிள்ளைக்கும் உண்டு, 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. நம் ஆண்டவரும் வலதுகை செய்வதை இடதுகை அறிய வேண்டாம் என்றுதானே சொன்னார்! நாங்கள் கைப்பேசிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வாசலிலேயே கொடுத்துவிடுகிறோம்.

மடியில் ஏறுகிற பிள்ளை

முதல் நாள் போய்விட்டு வந்த தொண்டர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: "அக்கா, போன உடனே ஓடி வந்து மடியில ஏறிக்கிச்சு, எவ்வளவு பாசம்!" இதை ஒவ்வொரு தடவையும் உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கிறது. தாய் தகப்பனிடம் வளர்கிற இரண்டு வயதுக் குழந்தை தெரியாத ஆளைப் பார்த்தால் அம்மாவின் பின்னால் ஒளியும். யார் வந்தாலும் மடியில் ஏறுகிற குழந்தை, தன்னுடையவர் என்று ஒருவரை இன்னும் கண்டுபிடிக்காமல் இருக்கக்கூடும்.

ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் எழுதிய அறிக்கையில், குழந்தைக்கு நிலையான ஒருவரின் பராமரிப்பு எவ்வளவு அடிப்படையானது என்று எடுத்துச் சொன்னார். பிறகு ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். குலுக்கல் முறையில் பாதிக் குழந்தைகளை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பல வகையில் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் ஒருவரோடு ஒட்டிக்கொள்வதில் நன்றாகத் தேறினார்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களைக் கூடியவரை குடும்பச் சூழலில்தான் வைக்க வேண்டும் என்று மேலே சொன்ன ஐ.நா.வின் 2009 நெறிகளும் சொல்கின்றன.

சரி, நாம் என்ன செய்வது? பிள்ளையைத் தள்ளிவிடக் கூடாது. மெதுவாக மடியிலிருந்து இறக்கி, பக்கத்தில் உட்காரவைத்து, "நீ என்ன பண்ணிட்டு இருந்தே? காட்டு" என்று கேளுங்கள். விழுந்து அழுதால் நாம் வாரித் தூக்காமல், தினமும் பார்த்துக்கொள்கிற ஆயாம்மாவிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கையில் துணி இருந்தால் அந்தத் துணியை நாம் வாங்கிக்கொள்வோம். எங்கள் குழு இதுவரை செய்ததில் மிகப் பயனுள்ள வேலை எதுவென்று கேட்டால் துணி மடித்ததுதான் என்பேன். நாங்கள் மூன்று பேர் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மடிப்போம். அந்த முக்கால் மணி நேரம் ஆயாம்மாவின் கை சும்மா இருக்கும். அவர் சுவரில் சாய்ந்து உட்காருவார். இரண்டு சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வந்து சாய்ந்துகொள்ளும். மூன்றாவது வந்து முதுகில் தொங்கும். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காதது போல் பொத்தான் அறுந்த சட்டைகளைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டிருப்போம்.

வாயில் வருகிற வார்த்தைகள்

எங்கள் குழுவில் ஒருவர் ஜெபத்தை முடிக்கும்போது, "யாருமில்லாத இந்த அநாதைப் பிள்ளைகளுக்கு நீரே தாயாகவும் தகப்பனாகவும் இரும்" என்றார். உருக்கமாகத்தான் சொன்னார். ஆமென் சொல்லிக் கண் திறந்ததும், எட்டு வயதிருக்கும் ஒரு பெண் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு அம்மா இருக்காங்க" என்றாள். கோபம்கூட இல்லை, தகவல் சொல்வது போலச் சொன்னாள். அவள் அம்மா நோயில் இருந்தார், மாதம் ஒரு முறை வந்துபோவார் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அந்தச் சொல் எங்கள் வாயில் வருவதில்லை. ஆலயத்திலும் சொல்வதில்லை. "நாங்கள் பார்க்கப் போகிற பிள்ளைகள்" என்பதே போதும்.

பழைய கதையைக் கேட்காதீர்கள். ஏன் இங்கே வந்தாய், அப்பா எங்கே என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டுக் கேட்டு, சில பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள்.

விசுவாச விஷயத்தில் எங்கள் சபைக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. நான் உறுதியாக இருக்கிறேன்: விடுதிப் பிள்ளையால் எழுந்து போக முடியாது, அதனால் அங்கே நமக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். எந்தக் குடும்பத்திலிருந்து, எந்த நம்பிக்கையிலிருந்து வந்ததோ, அது அந்தப் பிள்ளையினுடையது. மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தைக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு பிள்ளைக்கும் தருகிறது. பிள்ளையின் மத, பண்பாட்டு, மொழிப் பின்னணியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 20-ஆம் பிரிவு சேர்த்துச் சொல்கிறது. நாங்கள் ஜெபத்தோடு பரிசைச் சேர்ப்பதில்லை. வசனம் ஒப்பித்தால்தான் இனிப்பு என்பதில்லை. ஆலய மேடையில் பிள்ளைகளை நிறுத்திச் சாட்சி சொல்ல வைப்பதில்லை. ஏன் வருகிறீர்கள் என்று பிள்ளை கேட்டால் இயேசுவைப் பற்றி மறைக்காமல் சொல்கிறோம்.

நோட்டுப் புத்தகம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு முதல் பல் எப்போது விழுந்தது, எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், மழலையில் எதை எப்படிச் சொல்லும் என்று யாராவது நினைவில் வைத்திருப்பார்கள். விடுதியில் ஊழியர்கள் மாறுவார்கள், அந்த நினைவும் அவர்களோடு போய்விடும். இதற்காகவே சமூகப் பணியாளர்கள் பிள்ளையோடு சேர்ந்து வாழ்க்கைக் கதைப் புத்தகம் தயாரிக்கிறார்கள். கடந்த காலம், பிரிவு இவற்றைப் பற்றிய பக்கங்களைப் பயிற்சி பெற்ற அவர்கள்தான் செய்ய வேண்டும். நாங்கள் பொறுப்பாளரின் அனுமதியோடு அன்றாட விஷயங்களை மட்டும் எழுதுகிறோம்.

பிள்ளைக்கு ஒரு நோட்டு. தடித்த அட்டை, தைத்த முதுகு. கம்பிச்சுருள் நோட்டு வேண்டாம், தாள் சீக்கிரம் பிய்ந்துவிடும். அட்டையைப் பிள்ளையே அலங்கரிக்கட்டும். ஒவ்வொரு வருகையிலும் இரண்டு வரி, தேதியோடு. "இன்று கீழ்ப்பல் ஆடுகிறது, நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டினான்." "ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறாள்." உயரத்தைக் கதவுச் சட்டத்தில் அளந்து எண்ணை எழுதுவோம். விடுதி அலமாரியில்தான் நோட்டு இருக்க வேண்டும், நம் வீட்டுக்கு வரக் கூடாது. பிள்ளை விடுதியை விட்டுப் போகும்போது அதோடு நோட்டும் போகும். ஒரு பையன் ஐந்து வருட நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் வாசிப்பான். ஆடிய பல் வரி வரும்போது மட்டும் நாக்கை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பான்.

வாக்குக் கொடுப்பது

நான் செய்த பெரிய தவறு இது. இரண்டாம் வருடம், ஒன்பது வயதுப் பையன் ஒருவனிடம் பேச்சுவாக்கில், "லீவு விட்டதும் எங்க வீட்டுக்கு வாயேன்" என்றேன். அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. நான் அதை மறந்தும் போனேன். விடுமுறை முதல் நாள் அவன் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, துணிப்பையில் இரண்டு சட்டையும் பல் துலக்கும் பிரஷும் எடுத்துவைத்துக்கொண்டு காலையிலிருந்து படியில் உட்கார்ந்திருக்கிறான். மதியம் பொறுப்பாளர் என்னை அழைத்தார். போனேன், மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றான். அப்புறம் ஏழு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த ஏழு மாதமும் ஒரு வியாழன்கூட விடாமல் போனேன். வேறென்ன செய்ய முடியும்?

அதனால் அடுத்த முறை வருகிற தேதியைத் தவிர வேறு எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தத் தேதியில் வந்துவிடுங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, பிள்ளைகளிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். அன்றன்று புறப்படும்போதும் பத்து நிமிடம் முன்னால் சொல்லிவிடுங்கள். தொண்டர் ஒருவர் நிரந்தரமாக விலக வேண்டியிருந்தால், மூன்று வருகைகளுக்கு முன்பே தேதியைச் சொல்லி, கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய் விடைபெற வேண்டும். அழுகை வரும் என்று பயந்து சத்தமில்லாமல் நின்றுவிடுகிறவர்கள் அந்த வலியைப் பிள்ளைமேல் இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால்

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் காதுக்கு எட்டாத ஒரு மூலைக்கு நகர்ந்துகொள்ளலாம். "யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல, உனக்கு உதவி செய்ய ஒருத்தர்கிட்ட நான் சொல்லியாகணும்" என்று சொல்லுங்கள். துருவிக் கேட்காதீர்கள். "அவர் உன்னை அடிச்சாரா?" என்று வார்த்தையை நாம் எடுத்துக் கொடுத்தால் பின்னால் விசாரணையில் அது பிள்ளைக்கே எதிராகத் திரும்பலாம். அன்றைக்கே பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, மெருகு ஏற்றாமல், நேரம் போட்டு எழுதி, விடுதியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் சபையில் அதற்கென்று நியமித்தவரிடமும் தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்படுகிறவர் விடுதியிலேயே இருப்பவர் என்றால் அரசின் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ காவல்துறைக்கோ நேராகப் போக வேண்டும். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் என்றாலும் அதேதான். மூப்பர் குழுவில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. சம்பந்தப்பட்டவரிடம் நாமே போய்க் கேட்டு அவரை உஷார்ப்படுத்திவிடவும் கூடாது.

காணிக்கையை எங்கே வைப்பது

பொம்மைகள் போதும் போதுமென்கிற அளவுக்கு டிசம்பரில் வந்துவிடும். "எனக்கு அம்மா இருக்காங்க" என்ற பிள்ளையின் அம்மாவால் சில மாதங்களில் வர முடியாமல் போனதற்குக் காரணம் பயணச் செலவுதான் என்று அறிந்ததும், விடுதியின் சமூகப் பணியாளர் வழியாக அதை எங்கள் சபை ஏற்றுக்கொண்டது. பிறகு அவருடைய மருந்துச் செலவையும். இரண்டரை வருடம் கழித்து அந்தப் பிள்ளை அம்மாவிடமே திரும்பிப் போனாள். எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன், சமூகப் பணியாளர் அவ்வளவு அலைந்தார். ஆனால் விடுதிக்கு ஒரு புது மாடி கட்டிக் கொடுப்பதைவிட இப்படிப்பட்ட செலவுக்கு முதலிடம் கொடுக்கச் சொல்லி உங்கள் சபைக் குழுவில் வாதாடுங்கள்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு

பல இடங்களில் பதினெட்டு நிறைந்ததும் பிள்ளைகள் விடுதியை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. தயாரிப்பைப் பதினாறிலேயே தொடங்குங்கள். பிறப்புச் சான்று, படிப்புச் சான்றுகள், தடுப்பூசி அட்டை இவற்றின் அசலும் இரண்டு பிரதிகளும் ஒரே உறையில் இருக்கின்றனவா என்று பொறுப்பாளரோடு சேர்ந்து பாருங்கள். வங்கிக் கணக்கு தொடங்குவது, படிவம் நிரப்புவது, மருத்துவரிடம் தனியாகப் போய் உடம்புக்கு என்ன என்று சொல்வது எல்லாம் பழகிப் பார்க்க வேண்டியவை. வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இவை தானாக வந்திருக்கும்.

படியில் பையோடு காத்திருந்த பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படிவத்தில் "அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்" என்று ஓர் இடம் இருந்திருக்கிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டே, குழுவின் பொது எண்ணுக்கு அழைத்தான். விடுதியை விட்டு வெளியேறியவர்களுக்கென்று அந்த எண்ணை வைத்திருக்கிறோம். உங்கள் குழுவிலும் இப்படி ஓர் எண்ணை ஏற்பாடு செய்யுங்கள். அதை எடுக்க இரண்டு பேர் பொறுப்பேற்கட்டும், குறைந்தது ஐந்து வருடத்துக்கு. அன்றைக்கு எடுக்கிற முறை என்னுடையது. அவன் கேட்டதும் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.